இரண்டாம் முறை கட்டிய வளையம்

ஃபென்னாவின் வாயோரத்தில் ஒரு மஞ்சள் வைக்கோல் பூ ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தொப்பியில் பூவைக் குத்திக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பிய கிழவி மாதிரி நின்றிருந்தாள். அவள் காலடியில், காலையில் எங்கள் வாசல் கதவில் தொங்கிய குளிர்கால வளையம் நெளிந்து கிடந்தது. கட்டுக்கம்பி அவிழ்ந்து சுருண்டிருந்தது. வெள்ளிக்காசுச் செடியின் வட்டச் சருகுகள் தொழுவம் பூராவும் சிதறிக் கிடந்தன.

“அல்முட்! இங்க வந்து பாரேன். உன் கைவேலையை உன் செல்லக் குதிரை ருசி பார்த்திருக்கு” என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

எங்கள் கடலோர ஃப்ரீஸ்லாந்து வீடுகளில் சமையலறைக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான். அல்முட் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் என் கணவர் ஹின்ரிக்கின் தங்கை. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஹின்ரிக் போன பிறகு இந்தப் பெரிய கூரைக்குக் கீழே நானும் அவளும், அவர் விட்டுப்போன இந்தப் பெண்குதிரையும்தான். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது. சண்டை முடிந்ததும் ஆளுக்கொரு நேரமாகத் தொழுவத்துக்கு வந்து, மற்றவளைப் பற்றிய புகாரை ஃபென்னாவின் காதில் சொல்லிவிட்டுப் போவோம். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பிரியம் அது ஒன்றுதான்.

வந்தவள் சிரிக்கவில்லை. கீழே கிடந்ததைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் சுண்டிப் போனது.

“அண்ணி... எவ்வளவு தின்னிருக்கா?”

“ஏன், பூவை எடை போட்டு வெச்சிருந்தியா?”

“அதுல டாக்சுஸ் இருக்கு அண்ணி.”

 டாக்சுஸ் என்பது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வேலியாக நிற்கிற மரம். கருத்த பச்சையில் தட்டையான ஊசி இலைகள். பார்க்க லட்சணமாக இருக்கும். குதிரை அதில் ஒரு பிடி தின்றால் போதும், நின்ற இடத்திலேயே இதயம் நின்றுவிடும். நடை பழகும் குழந்தைக்குக்கூட எங்கள் பக்கத்தில் இது தெரியும். அதனால்தான் குதிரை வளர்க்கிற எந்த வீட்டுத் தோட்டத்திலும் அந்த மரம் இருக்காது.

எங்கள் வளையத்துக்குள் அது எப்படி வந்தது என்பதற்கும் ஒரு சண்டைதான் காரணம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்து முதல் ஞாயிறுக்கு முன்னால் வாசல் கதவுக்கு வளையம் கட்டுவது என் வழக்கம். எங்கள் தோட்டத்தில் விளைந்து காய்ந்ததைத் தவிர வேறு எதையும் நான் சேர்ப்பதில்லை. கோடையிலிருந்து மச்சில் தலைகீழாகத் தொங்கவிட்ட ஹைட்ரேஞ்சாக் கொத்து, கசகசாக் காய், வைக்கோல் பூ, லாவெண்டர், முள் சீப்புக் காய், வெள்ளிக்காசு. வில்லோக் கம்பை வளைத்து அதன்மேல் இதையெல்லாம் கட்டினால் குளிர்காலத்துக்கு அது போதும். அல்முட்டுக்குப் போதாது. “எலிக்கூடு மாதிரி இருக்கு. போறவங்க வர்றவங்க நம்ம வீட்டுல சாவு விழுந்திருக்குன்னு நெனைப்பாங்க” என்பாள். இந்த வருஷம் எனக்கு விரலில் வலி என்பதால் அவள்தான் கட்டினாள். அதுவும் நான் இல்லாத நேரத்தில்.

சர்ச் கூடத்தில் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து வளையம் கட்டும் நாளில், ஆளுக்கொரு கூடைப் பச்சை கொண்டுவந்து நடு மேசையில் கொட்டுவார்கள். எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தக் குவியலிலிருந்து ஒரு கூடையை அள்ளி வந்து என் காய்ந்த பூக்களுக்கு நடுவே செருகியிருக்கிறாள். வாசல் கதவுக்குத்தானே, அங்கே குதிரை எங்கே வரப்போகிறது என்ற நினைப்பு. அது சரியான நினைப்புத்தான். மதியம் வடகடலிலிருந்து காற்று எழும்பியபோது, பாடுபட்டுக் கட்டியது பறந்துவிடப் போகிறதே என்று அதைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, கண்ணில் பட்ட முதல் ஆணியில் மாட்டியிருக்கிறாள். அது கடிவாளம் மாட்டும் ஆணி. ஃபென்னாவின் கழுத்துக்கு எட்டுகிற ஆணி.

இதை அவள் சொல்லச் சொல்ல நான் டாக்டர் ஓல்ட்மன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர். இனிப்புத் தடவிப் பேசத் தெரியாத மனுஷன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 

“நிக்கிறாளா?”

“நிக்கிறா.”

“அப்படியே நிக்கட்டும். நடத்தாதீங்க. இழுக்காதீங்க. சத்தம் போடாதீங்க. கொஞ்சம் படபடத்தாக்கூட நெஞ்சு தாங்காது. இன்னொண்ணு கெஷே, நீங்க பயந்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். பயப்படாதீங்க.”

பயப்படாதீங்களாம்! உடனே கிளம்பி வருவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஃபென்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பியிருந்தன. எனக்கு அல்முட்டின் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில், ஃபென்னாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னேன்:

“உன்னை மாதிரி ஒரு மடச்சியை நான் பார்த்ததே இல்லடி, என் கண்ணு.”

அல்முட்டும் அதே குரலில், அதே தாலாட்டில், மறுபக்கம் நின்று பதில் சொன்னாள்: “நீங்க வருஷா வருஷம் அந்த எலிக்கூட்டைக் கட்டாம இருந்திருந்தா நான் ஏன் அண்ணி பச்சை தேடிப் போகப்போறேன்?”

“என் எலிக்கூடு யாரையும் கொல்லல, தங்கம்.”

“அப்படிச் சொல்லாதீங்க. அவ காதுல விழுது.”

“உனக்குச் சொல்றேன். அவ கேக்கட்டும்.”

“ஐயோ, மெதுவா அண்ணி. வாலை ஆட்டுறா பாருங்க.”

இப்படி ஒரு சண்டையை நான் வாழ்நாளில் போட்டதில்லை. வார்த்தையெல்லாம் விஷம், குரலெல்லாம் தேன். ஃபென்னாவுக்கு அது பிடித்திருந்தது போலும். தலையைத் தாழ்த்தி என் தோளில் வைத்தாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டபோது எனக்கு அழுகை முட்டியது. அவளுடைய தொடைத் தசை ஒன்று தனியாக நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அல்முட்டும் பார்த்தாள். அதற்கப்புறம் நாங்கள் சண்டை போடவில்லை.

டாக்டர் வண்டியைத் தூரத்தில் கால்வாய்ப் பாலத்தருகே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பின்வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு காலுறையோடு உள்ளே வந்து, எங்களையும் மரச்செருப்பைக் கழற்றச் சொன்னார். மூன்று பேரும் குளிர்ந்த செங்கல் தரையில் பூனை மாதிரி நடந்தோம். அவர் ஃபென்னாவின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியாத முகத்தைப் பார்ப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“துடிப்பு மெதுவா இருக்கு. நடுநடுவுல ஒண்ணு விட்டுப்போகுது” என்றார்.

“ஊசி போடுங்க டாக்டர்” என்றாள் அல்முட்.

“இதுக்கு மாற்று மருந்து கிடையாது. மூக்கு வழியா குழாய் விட்டுக் கரி கொடுக்கலாம். ஆனா எந்தக் குதிரையும் அதுக்கு முரண்டு பிடிக்காம இருக்காது. இந்தத் துடிப்போட முரண்டு பிடிச்சா குழாய் உள்ள போறதுக்கு முன்னாடியே விழுந்துடுவா. எவ்வளவு தின்னான்னு தெரியணும். கொஞ்சம்தான்னா தொடாம விட்டுடலாம். நெறையன்னா, துணிஞ்சு பார்க்கத்தான் வேணும். எவ்வளவு வெச்சீங்க?”

“கொஞ்சம்தான். ரெண்டு மூணு கிளை.”

அல்முட்டின் மூக்கு நுனி சிவந்தது. இந்த வீட்டில் இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் பண்ணியவள் நான். அந்த மூக்கு எப்போது சிவக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது பொய்யென்று தெரிந்துகொண்டு எதைச் செய்வது? எவ்வளவு பொய் என்றல்லவா தெரிய வேண்டும்!

டாக்டர் கீழே குனிந்து வளையத்தின் மிச்சத்தை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கூடையில மீதிப் பச்சை இருக்கா?”

“இருக்கு.”

“காய்ஞ்ச பூ?”

“மச்சுல தொங்குது.”

“அப்போ இதே மாதிரி இன்னொண்ணு கட்டுங்க. யோசிக்காதீங்க. முதல்ல எப்படிக் கட்டினீங்களோ அப்படியே. கை எடுக்கிறதை எடுக்கட்டும்.”

அல்முட் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் கூடையையும் பூக்கட்டுகளையும் கொண்டுவந்து அவள் முன் வைத்தேன். வில்லோக் கம்பை வளைத்து முனைகளை ஒன்றுக்குள் ஒன்று முறுக்கினாள். கம்பிச் சுருளைத் தொடையில் வைத்துக்கொண்டாள். முதலில் ஹைட்ரேஞ்சா. பழுப்பேறிய கொத்தை உடையாமல் பிரித்து, அதன் காம்போடு இரண்டு கசகசாக் காயைச் சேர்த்து, கம்பியை இழுத்துச் சுற்றினாள். அடுத்த கட்டின் தலை முந்தைய கட்டின் காம்பை மறைக்க வேண்டும். அப்படித்தான் வளையம் நிறையும்.  வேலை தெரிந்த விரல்கள். கொஞ்ச நேரத்தில் தம்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தன.

கூடைக்குள் கை போனது. ஒரு பச்சைக் கிளை. கட்டினாள். லாவெண்டர், வெள்ளிக்காசு, மறுபடி பச்சை. டாக்சுஸ். அதை அடையாளம் தெரியாமல் எடுத்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் எடுத்தாள். அந்த இலை படிந்து உட்காரும், அழகாக இருக்கும், அதனால் எடுத்திருக்கிறாள். மறுபடி ஒன்று. மூன்றைத் தாண்டியாகிவிட்டது. நான் ஃபென்னாவின் கழுத்தைத் தடவுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கை கூடைக்குள் போகும்போது என் நெஞ்சுக்குள் யாரோ கையை விட்ட மாதிரி இருந்தது. கூடைக்குள் போகாதே, போகாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது போய்க்கொண்டே இருந்தது.

“ரெண்டு மூணுன்னியே, கண்ணு” என்றேன். தாலாட்டுக் குரலில்தான்.

“கை தானா எடுக்குது அண்ணி.” கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து கம்பியில் சொட்டியது. கையை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் அவளை மன்னித்திருக்க மாட்டேன். வாயால் மறைத்ததையெல்லாம் கையால் எங்கள் முன் வைத்துக்கொண்டிருந்தாள்.

வளையம் முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. என் எலிக்கூட்டைவிட அழகு. டாக்டர் அதை வாங்கி, பழையதைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலிருந்தும் டாக்சுஸை மட்டும் பிய்த்துத் தரையில் இரண்டு குவியலாகப் போட்டார். புதியதிலிருந்து வந்த குவியல் ஒரு சூப்புத் தட்டு நிறைய இருந்தது. பழையதிலிருந்து வந்தது ஒரு தேநீர்க் கோப்பைக்குக்கூடக் காணாது. குறைந்ததெல்லாம் ஃபென்னாவின் வாய்க்குள் போயிருக்கிறது.

டாக்டர் குந்தியபடியே இருந்தார்.  வெளியே காற்று ஓட்டுக் கூரையை உலுக்கியது. ஃபென்னாவுக்குக் காற்று பழக்கம், காதைக்கூட அசைக்கவில்லை.

“வைக்கோல்ல தேடுங்க. கொஞ்சத்தைத் துப்பியிருப்பா” என்றார் கடைசியில்.

நானும் அல்முட்டும் முழங்காலிட்டு, குதிரையின் குளம்புகளுக்கு நடுவே வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாகக் கிளறினோம். அவள் விழுந்தால் எங்கள்மேல்தான் விழுவாள். எனக்கு அந்தப் பயம் தோன்றவே இல்லை. மென்று எச்சிலோடு துப்பிய ஒரு கொத்து கிடைத்தபோது, தங்கம் கிடைத்த மாதிரி அதை உள்ளங்கையில் வைத்து டாக்டரிடம் நீட்டினேன். அல்முட் இன்னும் கொஞ்சம் கண்டுபிடித்தாள். தொட்டிக்குள்ளும் கிடந்தது. சிறிய குவியல் கொஞ்சம் வளர்ந்தது. நாங்கள் இருவரும் தலையோடு தலை இடிக்கத் தேடினோம். என் கல்யாண வீட்டில்கூட நாங்கள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை.

“இப்போ டாக்டர்?”

“ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. செத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், பிழைச்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன். குழாய் வேண்டாம். இவளை அசைக்காம, பயமுறுத்தாம, அப்படியே நிக்க வெப்போம். இந்தச் சாயங்காலத்தைத் தாண்டிட்டா எனக்கு நம்பிக்கை வரும்.”

சாயங்காலம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அன்று அட்வென்ட்டுக்கு முந்தின சனிக்கிழமை. இருட்டு விழும் நேரத்தில் சர்ச் கோபுரத்தில் மூன்று மணிகளையும் சேர்த்து அடித்து, ஊர் ஊதுகுழல் குழு மேலே நின்று பாட்டு வாசிக்கும். எங்கள் தொழுவத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு தோட்டச் சுவர்தான். ஃபென்னாவுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. வருஷா வருஷம் ஹின்ரிக் அந்த நேரத்துக்கு அவளைக் கடல் கரைமேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பிறகு நான் போவேன்.

“ரெம்மருக்குப் போன் போடுங்க” என்றார் டாக்டர். ரெம்மர்தான் மணி அடிப்பவர்.

“அவர் போனை வீட்டுல வெச்சுட்டுத்தான் கோபுரம் ஏறுவார். காது வேற கேக்காது” என்றேன்.

அல்முட் எழுந்து நின்றாள். குழுவில் கொம்பு வாசிப்பவளே அவள்தான். இந்நேரம் அவளுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

“நான் போய் நிறுத்தறேன்.”

“என்ன சொல்லி நிறுத்துவ? உங்க அம்மா காலத்துலேர்ந்து ஒரு வருஷம்கூட நின்னதில்லை. போர்க் காலத்துல மணியை உருக்க எடுத்துட்டுப் போனப்பகூட தகரத்தைத் தட்டினாங்களாம்.”

“நான் செஞ்சதைச் சொல்லுவேன்” என்றாள். பாவாடையில் ஒட்டியிருந்த வைக்கோலைக்கூடத் தட்டாமல், பின்வாசலில் மரச்செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஊர் வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். குதிரை வளர்க்கிற வீட்டுப் பெண் டாக்சுஸைத் தொழுவத்தில் மாட்டினாள் என்பதை அவள் சாகும்வரைக்கும் பேசுவார்கள். அது தெரிந்தே போனாள். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி கரைந்துவிட்டது.

நானும் டாக்டரும் இருட்டில் நின்றோம். விளக்குப் போட வேண்டாம் என்றார். ஸ்டெதஸ்கோப்பை ஃபென்னாவின் விலாவிலிருந்து எடுக்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு ஊதுகுழலில் ஒரே ஒரு சுரத்தைச் சரிபார்த்தார்கள். ஃபென்னாவின் தோல் அலை மாதிரி சிலிர்த்தது. டாக்டரின் விரல் என் மணிக்கட்டை இறுக்கியது. நான் அவள் காதில் என்னவோ பேசினேன். தோட்டத்தைப் பற்றி, ஓட்ஸைப் பற்றி, ஹின்ரிக்கின் குறட்டையைப் பற்றி. என் குரல் எனக்கே அந்நியமாக, சாந்தமாக இருந்தது.  இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் காத்திருந்தேன்.

மணி அடிக்கவில்லை.

இருட்டு முழுதாக விழுந்தது. மணி அடிக்கவில்லை, பாட்டும் இல்லை. காற்று மட்டும். எனக்கு நினைவு தெரிந்து அட்வென்ட் மாலையில் எங்கள் ஊர் அப்படி வாய் மூடி இருந்ததில்லை. அல்முட் நிறுத்திவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும் நின்று சொல்லியிருக்கிறாள்.

ஃபென்னா ஒரு பெருமூச்சு விட்டாள். தலையைத் தாழ்த்தி, தரையில் கிடந்த ஒரு வைக்கோல் நுனியை உதட்டால் தேடி எடுத்து, மெல்ல ஆரம்பித்தாள். அந்தச் சத்தம்! கரகரவென்று அவள் மெல்லுகிற அந்தச் சாதாரணச் சத்தம். டாக்டர் முதல் முறையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“விட்டுப்போறது குறைஞ்சிருக்கு” என்று கிசுகிசுத்தார். “வயிறும் சத்தம் போடுது. கெஷே, எனக்கு இப்போ கொஞ்சம் தைரியமா இருக்கு.”

இனிப்புத் தடவிப் பேசத் தெரியாத மனுஷன் அப்படிச் சொன்னதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டது. பின்வாசல் செங்கல் பாதையில் மரச்செருப்பு. டக் டக் டக் என்று ஓடி வருகிற மரச்செருப்பு. அல்முட் நல்ல சேதியோடு ஓடி வருகிறாள்.

ஃபென்னாவின் காதுகள் நிமிர்ந்தன. தினமும் சாயங்காலம் அந்தச் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் பாவாடைப் பையில் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி வரும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்கும் புரிந்தது, இருட்டிலும் அவர் முகம் தெரிந்தது. வராதே என்று கத்த முடியாது. கத்தினால் ஃபென்னா பயந்துவிடுவாள். ஓடிப்போய் மறிக்கவும் முடியாது. பயமுறுத்துகிற எல்லாவற்றையும் நாங்கள் வெளியே நிறுத்தியிருந்தோம். சந்தோஷத்தை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் தலையைத் தூக்கி வாய் நிறையக் கனைத்தாள். அந்தச் சத்தத்தில் ஒரு துளி நோவு இல்லை. கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடிக்குத் தூக்கிய கால் கீழே வரும்போது மடிந்தது. டாக்டர் என்னைச் சுவரோரம் இழுத்தார். அவள் விழுந்த அதிர்வு என் பாதத்தில் ஏறியது.

கதவு திறந்தது. “நிறுத்திட்டாங்க அண்ணி! ரெம்மர் கயித்தையே கட்டி வெச்சுட்டார். ஒருத்தர்கூட என்னைத் திட்டல, எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டு அப்படியே நிக்கறாங்க, அவளுக்காக...” என்று மூச்சு வாங்கிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

டாக்டர் மண்டியிட்டுக் கேட்டார். எழுந்து விளக்கைப் போட்டார்.

அல்முட் அழவில்லை. ஃபென்னாவின் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மஞ்சள் பூவின் ஒட்டிய இதழை விரலால் எடுத்தாள். பிறகு நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள்.

“கனைச்சாளே. எனக்குக் கேட்டுதே. நான் வர்ற சத்தம் கேட்டுத்தானே?”

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுற்றிப் பையில் வைத்தார். நோய் முற்றிய மாட்டைப் பார்த்துவிட்டு, உடையவர் முகத்துக்கு நேராக, இது தேறாது என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன் அவர். ஹின்ரிக்கின் இருமலைக் கேட்டுவிட்டு, மனுஷ டாக்டருக்கு முன்னாலேயே என்னிடம் உள்ளதைச் சொன்னவர்.

“இல்லை” என்றார். “அதுக்கு முன்னாடியே துடிப்பு போயிடுச்சு. கடைசி மூச்சு சில நேரம் அப்படித்தான் சத்தமா வரும். நீங்க வந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.”

அல்முட் என் பக்கம் திரும்பினாள். “அப்படியா அண்ணி?”

“ஆமா” என்றேன். “நீ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டா.”

அவள் நம்பினாள். வளையம் கட்டிய பழி அவள் தலையில் விழுந்தது, அதைச் சுமக்க அவளால் முடிகிறது. ஊரும் அவளைப் பெரிதாகக் குத்திக்காட்டவில்லை. ஆனால் இன்னொன்று சேர்ந்தால் அவள் தாங்க மாட்டாள். அது எனக்கும் டாக்டருக்கும் தெரியும். டாக்டர் வாயைத் திறக்க மாட்டார். பயம் என்னைப் பற்றித்தான். கோபம் வந்தால் என் நாக்குக்கு முன்பின் தெரியாது. அன்று தாலாட்டுக் குரலில் திட்டியதெல்லாம் அந்தக் குதிரைக்காக. இப்போது அப்படி என்னைக் கட்டிப்போட யாரும் இல்லை. நாங்கள் பழையபடி சண்டை போடுகிறோம். முட்டைக்கோஸில் உப்பு, அடுப்பில் சாம்பல், கதவைச் சாத்தாதது. ஒவ்வொரு சண்டையிலும் கோபம் ஏற ஏற அந்த வார்த்தை தொண்டைக்கு வந்து நிற்கிறது. விழுங்கிவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

போன வாரம் பீங்கான் தேநீர் ஜாடியை உடைத்துவிட்டாள். ஹின்ரிக் வாங்கித் தந்த ஜாடி. நான் கத்தினேன். அவளும் கத்தினாள்: “உங்களுக்கு என்ன, நான் எதைத் தொட்டாலும் குத்தம். எப்பவும் நான்தான் எல்லாத்தையும் நாசம் பண்றேன்!”

“ஆமா, நீதான்! அன்னிக்கும் நீ அப்படி ஓடி வராம...” என்று சொல்லிவிட்டேன். பாதியில் வாயை மூடிக்கொண்டேன்.

அல்முட் உடைந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஓடி வராம? எங்க ஓடி வராம?”

“சமையலறைக்குள்ள. இப்படித் தலைதெறிக்க ஓடி வந்தா ஜாடி உடையாம என்ன செய்யும்?”

“நான் ஓடி வரலையே அண்ணி. உக்காந்துதானே கழுவிட்டிருந்தேன்.”

“ஏதோ கோவத்துல வந்துடுச்சு, விடு” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள்ளும் மரச்செருப்புப் போடுவதில்லை, வெளியிலும் போடுவதில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.